தலைவாசக் கதவு விஷயத்துல நான் பட்ட பாடு, வீடு கட்டிட்டு இருக்கிறவங்க ஒரு தடவ படிச்சிருங்க

எங்க வீட்டுக்கு ரெண்டு தடவ தலைவாசக் கதவு மாட்டியாச்சு. முதல்ல போட்ட கதவு பதினோரு மாசம்தான் நின்னுச்சு. அந்தப் பதினோரு மாசத்துல எண்பதாயிரம் ரூபா தண்டமாப் போனது ஒரு பக்கம், ஒரு மழை ராத்திரில என் மாமனார ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக முடியாம அந்தக் கதவு முன்னாடி நின்னு அழுதது இன்னொரு பக்கம். கும்பகோணத்துக்கு வெளிய, எதுக்க வயல் இருக்கிற மாதிரி ஒரு மனை, மேற்கு பாத்த வீடு. என் வீட்டுக்காரர் கத்தார்ல வேலை பாக்குறார், இங்க நான், பத்தாவது படிக்கிற பொண்ணு, மாமா, அத்தை. மேஸ்திரிகிட்ட பேசுறது, சிமெண்ட் மூட்டை எண்ணுறது, சுவிட்ச் எங்க வரணும்னு சொல்றது எல்லாம் நான் ஒருத்திதான். சிமெண்ட், கம்பி, செங்கல் பத்தில்லாம் நாலு பேருகிட்ட விசாரிச்சுத்தான் வாங்குனேன். கதவு பத்தி மட்டும் யாருகிட்டயும் ஒரு வார்த்த கேக்கல. நல்ல மரம் வாங்கி அழகா செஞ்சு மாட்டுனா முடிஞ்சுது, அதுல கேக்க என்ன இருக்குன்னு நெனச்சுட்டேன். அந்த நெனப்புக்குத்தான் இவ்வளவும்.

எனக்கு மனசுக்குள்ள ஒரு கதவு ரொம்ப நாளாவே இருந்துச்சு. சின்ன வயசுல பள்ளத்தூர்ல ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம், செட்டிநாட்டு வீடு, அந்த ரெட்டைக் கதவு, கதவு மாட்டுற நிலையோட மேல்சட்டத்துல பூ, கொடி, யானை, லட்சுமின்னு செதுக்கியிருந்தது இன்னும் கண்ணுலயே நிக்குது. சொந்தமா வீடு கட்டுனா அப்படி ஒரு வாசல் வைக்கணும்னு ஆசை. அதனால ஆசாரி வந்து என்ன மாடல்மான்னு கேட்டப்ப போன்ல சேத்து வச்சிருந்த படத்தக் காட்டுனேன். ரெட்டைக் கதவு, நடுவுல கஜலட்சுமி, ஓரமெல்லாம் கொடி. அவரும் "பண்ணிரலாம்மா, ஜம்முனு இருக்கும்"னு சொல்லிட்டார். கத்தார்ல இருந்து இவரும் "தலைவாசல் ஒரு தடவதான் வைக்கிறோம், செலவப் பாக்காத"ன்னார். வாசல் எந்தப் பக்கம் பாத்திருக்கு, முன்னாடி நிழல் இருக்கா, மழைச்சாரல் அடிக்குமான்னு ஆசாரியும் கேக்கல, எனக்கும் தோணல. வாசலுக்கு மேல ரெண்டடி சன்ஷேடு மட்டும்தான், போர்டிகோ அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டிருந்தோம். மேற்கு வெயில் மத்தியானம் ரெண்டு மணில இருந்து சாயங்காலம் வரைக்கும் அந்தக் கதவு மேலயேதான் விழும். இத ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தாக்கூட மாடலே மாறியிருக்கும்.

நம்ம பக்கம் கதவுக்கு ரொம்ப முன்னாடியே நிலை வந்துரும். 2023 தை மாசம் நல்ல நாள் பாத்து நிலை வச்சோம், மஞ்சள் குங்குமம், மாவிலை, அடியில நவதானியம் காசு எல்லாம் போட்டு, அத்தைதான் பூஜை பண்ணாங்க. அதுக்கப்புறம் சுவர் எழும்பி, காங்க்ரீட் போட்டு, பூச்சு முடிய ஏழு மாசம். அந்த ஏழு மாசமும் நிலை வெயில்லயும் சுவர நனைக்கிற க்யூரிங் தண்ணிலயும் அப்படியே நின்னுச்சு. சிமெண்ட் பால் வழிஞ்சு வழிஞ்சு மரம் சாம்பல் பூத்துப் போச்சு. ஆசாரி நிலை வளையாம இருக்க குறுக்க ரெண்டு ரீப்பர் கட்டை அடிச்சுட்டுத்தான் போனார், கலவை தூக்குறவங்க போக வர இடைஞ்சலா இருக்குன்னு நடு ரீப்பர யாரோ பிடுங்கிட்டாங்க, நானும் பாத்துட்டு சும்மா இருந்துட்டேன். சுவர் கட்டி முடிச்சப்ப நிலையோட ஒரு கால் நடுவுல கிட்டத்தட்ட கால் அங்குலம் உள்ள வாங்கியிருந்துச்சு. அதனால உங்க வீட்ல நிலை வச்ச அன்னைக்கே ரெண்டு கோட்டு பிரைமரோ எண்ணெயோ அடிச்சு, பாலித்தீன் ஷீட்டு சுத்தி கட்டிருங்க. சுவருக்குள்ள போற பக்கத்துக்குத் தார் பூசச் சொல்லுங்க, ஈரமும் கரையானும் அந்த வழியாத்தான் வரும். ரீப்பர் பூச்சு வேலை முடியற வரைக்கும் இருக்கணும்னு மேஸ்திரிகிட்ட கண்டிப்பா சொல்லிருங்க. மூலைக்கு மூலை டேப் வச்சு ரெண்டு பக்கமும் ஒரே அளவு வருதான்னு நீங்களே பாருங்க, இதுக்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம்.

இப்ப மரம் வாங்குன கதை. ஆசாரி கூட்டிட்டுப் போன மரவாடிக்குத்தான் போனேன், வேற எங்கயும் விலை கேக்கல. கன அடி 3,800 ரூபா, நாட்டுத் தேக்கு, ஆத்துக்கரை மரம், முத்துன மரம்னு சொன்னாங்க. நம்ம தஞ்சாவூர்ப் பக்கம் கால்வாய்க் கரைல வனத்துறை தேக்கு வச்சிருக்கிறது எல்லாருக்கும் தெரியும்ங்கறதால நானும் நம்பிட்டேன். நிலைக்கு 5¼ கன அடி, கதவுக்கு 5½ கன அடி, மொத்தம் 40,850 ரூபான்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தாங்க. பில்லு போட்டா 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும்னு சொன்னதால பில்லு வேண்டாம்னுட்டேன். அப்புறம் பிரச்சினைன்னு போய் நின்னப்ப அந்தத் துண்டுச் சீட்டுக்கு ஒரு மதிப்பும் இல்ல, "எங்க கடை மரம்னு எப்படிச் சொல்றீங்க"ன்னு கேட்டுட்டாங்க. அந்த வரிய மிச்சம் பிடிச்சதுக்கு நான் குடுத்த விலை ரொம்பப் பெருசு.

கன அடி கணக்கு யாரும் எனக்குச் சொல்லித் தரல, பின்னாடி நானாக் கத்துக்கிட்டேன். ரொம்ப சுலபம்தான். கட்டையோட அகலம் எத்தன அங்குலம், கனம் எத்தன அங்குலம், ரெண்டையும் பெருக்குங்க, அதோட நீளத்த அடிக்கணக்குல பெருக்குங்க, வர்றத 144 ஆல வகுங்க. எங்க நிலை 6க்கு 4 கட்டை, ரெண்டு கால் ஏழரை ஏழரை அடி, மேலயும் கீழயும் அஞ்சஞ்சு அடி, மொத்தம் 25 அடி. ஆறு நாலு இருபத்திநாலு, இருபத்தஞ்சால பெருக்குனா 600, 144 ஆல வகுத்தா 4.17 கன அடி. எங்கிட்ட வாங்குனது 5.25க்கு. ஒரு கன அடிக்கு மேல கூட, நாலாயிரத்து நூறு ரூபா, கண்ணு முன்னாடியே போயிருக்கு. சேதாரம்னு கொஞ்சம் போடுவாங்க, அது நியாயம்தான், ஆனா எவ்வளவுன்னு முன்னாடியே பேசிக்குங்க. இழைச்சதுக்கு அப்புறம் 6 அங்குலம் அஞ்சே முக்கால் ஆயிரும், இதையும் கேட்டுத் தெரிஞ்சுக்குங்க, ஏன்னா லாக்கு, கீல் எல்லாம் அந்த மிச்ச கனத்துலதான் உக்காரணும்.

அதோட தேக்குன்னு சொன்ன உடனே எல்லாம் ஒன்னு இல்ல. மரத்தோட நடுப்பகுதி வைரம், பொன் கலந்த பழுப்பா இருக்கும், வெளி ஓரம் வெள்ளை. வைரம் பாஞ்ச பகுதியக் கரையான் அவ்வளவு சீக்கிரம் தொடாது, வெள்ளைல மாவுச்சத்து இருக்கும், வண்டுக்கு அதுதான் சாப்பாடு. இளம் மரத்துல வெள்ளை ஜாஸ்தி. என் பலகைகள்ல ஓரத்துல ரெண்டு மூணு விரக்கடை வெள்ளை இருந்துச்சு, "பாலிஷ்ல கலர் ஏத்தி ஒன்னாக்கிரலாம்"னு சொன்னதும் சரின்னுட்டேன். கலர ஒன்னாக்கலாம், வண்டுக்குக் கலர் தெரியுமா. இன்னொன்னு, பர்மா தேக்குன்னு யாராவது குறைஞ்ச விலைக்குச் சொன்னா நம்பாதீங்க. 2014 ஏப்ரல்ல இருந்தே மியான்மர் உருட்டு மரமா வெளிய அனுப்புறத நிறுத்திருச்சு. இப்ப கடைல கிடைக்கிறதுல நிறைய கானா, ஈக்வடார், கோஸ்டாரிகான்னு வெளிநாட்டுத் தோட்டத்துத் தேக்கு. அது மோசம்னு நான் சொல்லல, நல்லா காஞ்சு வைரமா இருந்தா தாராளமா வாங்கலாம், ஆனா அந்தப் பேருக்கான விலையத்தான் குடுக்கணும்.

எல்லாத்தையும் விட எனக்குத் தெரியாம போன பெரிய விஷயம் ஈரம். மரம் வெளிய பாக்க காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள ஈரம் இருக்கும். இதப் பாக்க ஒரு மீட்டர் இருக்கு, ரெண்டு ஊசிய மரத்துல குத்துனா எத்தன சதவீதம்னு காட்டும், ஆன்லைன்ல ஆயிரம் ரெண்டாயிரத்துக்கே கிடைக்குது. கதவுக்கு 12 பக்கத்துல இருந்தா நல்லது. என் கதவுல மிச்சமான பலகைத் துண்ட ரொம்ப நாள் கழிச்சு, கொட்டகைக்குள்ளயே கிடந்தத எடுத்துப் பாத்தப்பவே 17 காட்டுச்சு, அப்ப வாங்குன அன்னைக்கு எவ்வளவு இருந்திருக்கும்னு நெனச்சுப் பாருங்க. ஒரு லட்சத்துக்கு மேல செலவு பண்ணத் தயாரா இருந்த நான் அந்தச் சின்ன மீட்டர் ஒன்னு இருக்குங்கறதே தெரியாம இருந்தேன்.

கதவு செஞ்ச விதமும் தப்பு. பேனல் கதவுன்னா சுத்தி சட்டம், சட்டத்துல காடி, அதாவது நீளப் பள்ளம், எடுத்து அதுக்குள்ள பலகை உக்காரும். அந்தப் பலகைய காடிக்குள்ள ஆணியோ பசையோ போடாம சும்மா விடணும், மழைக்காலத்துல கொஞ்சம் விரியும், கோடைல கொஞ்சம் சுருங்கும், அதுக்கு இடம் வேணும். மரம் நீளவாக்குல அவ்வளவா மாறாது, அகலத்துலதான் மாறும். பத்து அங்குல அகலப் பலகை ஈரம் 20ல இருந்து 12க்கு வந்தா மூணு நாலு மில்லிமீட்டர் சுருங்கிரும்னு பின்னாடி வந்த ஆசாரி சொன்னார். என் கதவுல கஜலட்சுமிக்காகப் பதினஞ்சு அங்குல அகலத்துல பலகைய ஒட்டி, ஆடக்கூடாதுன்னு நாலு பக்கமும் பசை போட்டு ஸ்க்ரூ வச்சு இறுக்கிட்டாங்க. யானையும் கொடியும் அந்தப் பலகைலயே செதுக்குனது இல்ல, மெஷின்ல வெட்டி மேல ஒட்டுனது. தம்மம்பட்டி மாதிரி ஊர்ல ஒரே மரத்துல கையால செதுக்குறவங்க இருக்காங்க, அந்த வேலைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா இந்த ஒட்டு வேலைக்கு நான் குடுத்த கூலி 22,000. நிலைக் கூலி 6,000, கதவுக் கூலி 18,000, மெலமின் பாலிஷ் 12,000, பித்தளைக் கீல், கைப்பிடி, தாழ்ப்பாள், லாக்கு 14,500. மரத்தோட சேத்து 1,13,350 ரூபா. ஆவணில கிரகப்பிரவேசம், வந்தவங்க எல்லாம் வாசல்ல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க, அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்ச நஞ்சமில்ல.

ஐப்பசி மழை ஆரம்பிச்சதும் கதவு உரச ஆரம்பிச்சுது. ஆசாரி வந்து இழைப்புளி போட்டு ஓரத்த மூணு மில்லிமீட்டர் இழைச்சார், 3,500 ரூபா. 2023 தீபாவளி நவம்பர் 12ந்தேதி, அதுக்கு அடுத்த ரெண்டு நாளும் டெல்டா பூரா விடாம மழை. அந்த மழைலதான் ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு மாமாவுக்கு மூச்சுத் திணறல் வந்துருச்சு. 108க்கு போன் பண்ணி வண்டியும் வந்துருச்சு. வலது பக்கக் கதவு முட்டித் தள்ளி ஒரு வழியா தொறந்துச்சு. இடது பக்கக் கதவு மேல் தாழ்ப்பாள் ஊறிப்போன மரத்துல இறுகிக்கிச்சு, சுத்தியல் வச்சு அடிச்சும் அசையல. நாலடி வாசல் நாலடி வாசல்னு பெருமையா சொல்லிட்டு இருந்தேன், ரெட்டைக் கதவுல ஒரு பக்கம் மட்டும் தொறந்தா ரெண்டடிக்கும் குறைவுதான். ஸ்ட்ரெச்சர் நுழையல. வந்த தம்பிங்க ரெண்டு பேரும் "அக்கா, வேற வழி இருக்கா"ன்னு கேக்குறாங்க, கொல்லைப் பக்கம் போனா கட்டட மண்ணு கொட்டிக் கிடக்கு, முழங்கால் சேறு. அந்தச் சேத்துல, மழைல, மாமாவ சேர்ல உக்கார வச்சுத் தூக்கிட்டுப் போனாங்க. பத்து பன்னெண்டு நிமிஷம் வீணாப் போச்சு. ஆஸ்பத்திரில நெபுலைசர் வச்சு, ஆக்சிஜன் குடுத்து, கடவுள் புண்ணியத்துல பொழைச்சு வந்துட்டார். ஆனா அந்தக் கஜலட்சுமிய அதுக்கப்புறம் எனக்கு நிமிர்ந்து பாக்கவே பிடிக்கல.

இத எழுத உக்காந்ததே இதுக்காகத்தான். வீட்ல வயசானவங்க இருந்தா வாசல் அகலம் எவ்வளவுன்னு பாக்காதீங்க, ஒரு கதவு மட்டும் தொறந்தா எவ்வளவு வழி கிடைக்குதுன்னு பாருங்க. குறைஞ்சது ரெண்டே முக்கால் அடி வேணும். ரெட்டைக் கதவுதான் வேணும்னா ஒன்னரைக் கதவா வைங்க, பெரிய கதவு மூணடி, பக்கத்துல சின்னது ஒரு அடி. பாக்க ரெட்டைக் கதவு மாதிரியே இருக்கும், தினசரி ஒன்னு தொறந்தா போதும், பீரோ ஃப்ரிட்ஜ் வந்தா ரெண்டையும் தொறந்துக்கலாம். கீழ்ப்படியும் கவனிங்க. சம்பிரதாயத்துக்குப் படி வேணும்தான், அதுக்காக நாலு அங்குலம் உயரமா வச்சா கைத்தடி ஊனி வர்றவங்களுக்கு தினம் கஷ்டம். டைல்ஸ் போட்டதுக்கு அப்புறம் ஒரு அங்குலம் வெளிய தெரியற மாதிரி முன்னாடியே கணக்குப் பண்ணி நிலைய இறக்கி வச்சிரலாம், பின்னாடி ஒன்னும் பண்ண முடியாது.

மழை போய் மாசி பங்குனி வந்ததும் இதுக்கு நேர்மாறு. ஊறி நின்ன மரம் சுருங்கி, ரெண்டு கதவுக்கும் நடுவுல அரை அங்குலம் இடைவெளி. மழைல இழைச்ச மூணு மில்லிமீட்டரும் அதுல சேந்துக்கிச்சு. அதனால மழைக்காலத்துல கதவு இறுகுனா உடனே இழைக்கச் சொல்லாதீங்க, ரொம்ப முட்டுற இடத்துல மட்டும் லேசா எடுத்துட்டு, மரம் காஞ்சதுக்கு அப்புறம் மிச்சத்தப் பாருங்க. சித்திரை வெயில்ல ஒரு நாள் மத்தியானம் டப்புனு ஒரு சத்தம், போய்ப் பாத்தா நடுப் பலகை மேல இருந்து கீழ வரைக்கும் வெடிச்சு, ஒட்டுன யானைல ஒன்னு கீழ கிடக்கு. நாலு பக்கமும் இறுக்கிக் கட்டுன பலகை சுருங்க இடமில்லாம வேற என்ன பண்ணும். மெலமின் பாலிஷ் வீட்டுக்குள்ள இருக்கிற கதவுக்கு சரி, நேர் வெயிலுக்குத் தாங்காது, மஞ்சளடிச்சு தோல் மாதிரி உரிஞ்சு வந்துச்சு. வெளிக் கதவுக்கு வெயில் தாங்குற பியூ (பாலியூரித்தேன்) பாலிஷ்தான், அதுவும் வெளிப்பக்க உபயோகத்துக்குன்னு டப்பால போட்டிருக்கான்னு பாத்து வாங்கணும். இதெல்லாம் போதாதுன்னு ஒரு நாள் வாசல் கூட்டும்போது கதவடியில மஞ்சள் பவுடர். கூட்டுனா மறுநாளும். டார்ச் அடிச்சுப் பாத்தா வெள்ளை மரம் இருந்த ஓரத்துல குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டை ஓட்டையா இருக்கு, உளுத்துப் போயிருக்கு. மருந்து ஊசி போட்டதுக்கு 4,000. ரெண்டு மாசத்துல திரும்பவும் பவுடர். அன்னைக்குத்தான் முடிவு பண்ணேன்.

ஆனா அத்தை ஒத்துக்கல. தலைவாசல எடுக்கிறது குடும்பத்துக்கு ஆகாதுன்னு அழுதாங்க. அவங்க பயம் எனக்குப் புரியுது, மகன் வெளிநாட்டுல, வீட்டுக்காரர் அப்பதான் பொழைச்சு வந்திருக்கார். அப்ப ஒருத்தர் சொல்லி சுவாமிமலைப் பக்கம் ஒரு வயசான ஆசாரியப் பாத்தேன். அவர் வந்து ஒரு மணி நேரம் ஒன்னுமே பேசல, கதவத் தட்டிப் பாக்குறார், அடிப்பக்கம் கைய விட்டுத் தடவிப் பாக்குறார், மத்தியானம் வெயில் எது வரைக்கும் வருதுன்னு நின்னு பாக்குறார். அப்புறம் அத்தைகிட்ட போய், "அம்மா, பூஜை பண்ணி வச்சது நிலைக்குத்தானே, நிலை அப்படியே இருக்கட்டும், அதுல வண்டு இல்ல. கதவு மட்டும்தான் மாறுது. லட்சுமிய நல்லா சுத்தம் பண்ணி பூஜை ரூம்ல வச்சுக்குங்க"ன்னார். அத்தை அதுக்கு ஒத்துக்கிட்டாங்க. எங்கிட்ட, "கதவுக்கு அடில விரல விட்டுப் பாருங்கம்மா"ன்னார். சொரசொரன்னு பாலிஷே படாத வெறும் மரம். மேல் விளிம்பும் அப்படித்தான். முன்னாடி பின்னாடி பளபளன்னு பாலிஷ் போட்டவங்க மேலயும் அடியிலயும் ஒரு கோட்டுகூட அடிக்கல. வாசல் கழுவுற தண்ணி, சாரல் எல்லாம் அந்த அடி வழியா தினமும் ஏறியிருக்கு. உங்க கதவு மாட்டுறதுக்கு முன்னாடி ஆறு பக்கமும் பாலிஷ் ஏறிருக்கான்னு பாத்துட்டு மாட்டச் சொல்லுங்க, மாட்டுனதுக்கு அப்புறம் அடிப்பக்கம் யாரும் கழட்டி அடிக்க மாட்டாங்க.

உடனே புதுக் கதவுக்குப் போயிரல, இந்த தடவ விசாரிச்சேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய கதவுங்க விக்கிறாங்களேன்னு அங்கயும் போனேன். ஒவ்வொன்னும் இரும்பு மாதிரி, கீலே இல்லாம, மேலயும் கீழயும் நீட்டிக்கிட்டு இருக்கிற குடுமில சுத்துற கதவு. வாங்கிரலாம்னு கை பரபரத்துச்சு, அளவு ஒத்து வரல, எங்க நிலைக்கு எல்லாம் உயரம் கம்மி, இத வாங்குனா நிலையும் சேத்து மாத்தணும். திரும்பி வர்ற வழில ஒரு பழைய வீட்டு வாசல்ல நின்னு பாத்தேன். தெருவுல இருந்து படி, அப்புறம் திண்ணை, தூணு, பத்தடிக்கு மேல ஓட்டுத் தாழ்வாரம், அதுக்கும் உள்ளதான் அந்தக் கதவு இருக்கு. வெயிலும் அது மேல படாது, சாரலும் படாது. நான் சின்ன வயசுல இருந்து அந்தக் கதவ மட்டும் பாத்து ஆசைப்பட்டிருக்கேன், அந்தத் திண்ணையப் பாக்கவே இல்ல. பஸ்ல வரும்போது பூரா அதே நெனப்பா இருந்துச்சு.

ஸ்டீல் கதவும் போய்ப் பாத்தேன், மர டிசைன் அச்சடிச்சு வருது, வீங்காது, வண்டு வராது, கரையான் வராது. மேற்கு வெயில்ல தொட்டா சுடும், கோடு விழுந்தா மரம் மாதிரி இழைச்சு சரி பண்ண முடியாது, ஆனா நிழலே இல்லாத வாசலுக்கும் வாடகை வீட்டுக்கும் அது நல்ல தேர்வுதான்னு எனக்குத் தோணுது. பிளைவுட் ஃப்ளஷ் கதவு மழை படற தலைவாசலுக்கு வேண்டவே வேண்டாம். எங்க வீட்ல அத்தைக்காக மரமே வைக்கிறதுன்னு ஆச்சு, ஆனா முதல் காசு கதவுக்குப் போகல, நிழலுக்குப் போச்சு. வாசலுக்கு முன்னாடி அஞ்சடிக்கு ஷீட்டு போட்டு ரெண்டு பக்கமும் சாரல் அடிக்காம அடைச்சதுக்கு 38,000 ரூபா. அதுக்கப்புறம்தான் மரம் வாங்கப் போனோம், இந்த தடவ பில்லோட, மீட்டர் என் கைப்பைல. மூணு கடைல குத்திப் பாத்துட்டு நாலாவது கடைல 12, 13 காட்டுன மரம் எடுத்தோம், கன அடி 4,200, 4¼ கன அடி, 17,850. வெள்ளை இருந்த ஓரத்த அங்கயே அறுத்து எடுத்துட்டு வந்தோம். ஒன்னரைக் கதவு, ஒன்னரை அங்குல கனம், அஞ்சு அங்குல அகலச் சட்டம், பலகை எதுவும் ஆறு அங்குலத்துக்கு மேல இல்ல, எல்லாம் காடில சும்மா உக்காந்திருக்கு. செதுக்கல் எதுவும் இல்ல, ஓரத்துல ஒரு கோடு மட்டும். தேக்குக் கதவு பெரிய பக்கம் மட்டுமே நாப்பது கிலோ வரும்ங்கறதால அஞ்சு அங்குலத்துல துருப்பிடிக்காத 304 ரக ஸ்டீல் கீல் நாலு. லாக்கு வாங்கி ஆசாரி கைல குடுத்ததுக்கு அப்புறம்தான் சட்டம் அறுத்தார், முன்னாடி தப்பு பண்ண மாதிரி கதவு செஞ்சுட்டு லாக்குக்குக் குடையல. கூலி 15,000, பியூ பாலிஷ் 14,000, கீல் லாக்கு 9,500. மொத்தம் 56,350. முதல் கதவோட செலவுல பாதிதான். 2024 ஆனி கடைசில, ஆடி பிறக்கிறதுக்குள்ள மாட்டியாச்சு.

இதோட ரெண்டு மழைக்காலம் ஆயிருச்சு. கொஞ்சம் இறுகத்தான் செய்யுது, மரம்னா அது இருக்கும், ஆனா மாமாவே ஒரு கையால தொறந்துட்டு வாசல்ல போய் உக்காந்துக்கிறார். புரட்டாசி பிறந்ததும் அடி விளிம்புல ஒரு கோட்டு அடிக்கச் சொல்லி ஆசாரி பாலிஷ் கொஞ்சம் மிச்சம் வச்சுட்டுப் போயிருக்கார், வருஷா வருஷம் நானும் பொண்ணும் கதவு அடில அட்டை விரிச்சுப் படுத்து சின்ன பிரஷ்ல அடிக்கிறோம், அரை மணி நேரம்கூட ஆகாது. கஜலட்சுமி பூஜை ரூம்ல இருக்கா. கீழ விழுந்த யானைய அத்தை தொடச்சு எடுத்து வச்சிருந்தாங்க, அதையும் பழையபடி ஒட்டியாச்சு.